‘வரை’ என்னும் சொல்லும் மன்னார்க் கடலும்

ஏவல் இடுபவன் கருதியதும் ஏவல் பெற்றவன் செய்ததும் ஒன்றாவதற்கு எது பிணை? அரசியலிலும் அறவியலிலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்ட இவ்வினா இன்று கணினி விஞ்ஞானத்தினுள்ளும் புகுந்துள்ளது. இட்ட பணியைத் தானே முயன்று, தவறி, திருந்திக் கற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்கு அப்பணியை எம்மொழியில் எடுத்துரைப்பது என்பதில் இரு கட்சிகள் உள்ளன. ஒன்று எண்ணை நம்புகிறது. மற்றது அளவையியலை நம்புகிறது. இரண்டாம் கட்சியின் கூற்றுக்களை மதிப்பிடுவதே ஈண்டு நோக்கம். அதற்குரிய உரைகல்லாக மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் கொள்ளப்படுகின்றன. காரணம் எளிது. எண்ணால் ஏவுதல், விதியால் ஏவுதல் ஆகிய இரண்டும் அக்கடலில் மனிதர்மேல் நூறாண்டுக்கு மேலாகப் பரீட்சிக்கப்பட்டுள்ளன, விளைவுகளும் பதிவாகியுள்ளன.

முதற்கட்சியின் கொள்கை கல்வி உளவியல் கற்றோருக்குப் புதியதன்று. புறாவும் எலியும் வேண்டிய செயலைச் செய்தபோது தீனி வழங்கி அந்நடத்தையை உறுதிப்படுத்திய ஸ்கின்னரின் ‘மீளவலியுறுத்தல்’ என்னும் கருத்தே அதன் வேர். இயந்திரத்துக்குத் தீனி இல்லை, எண் உண்டு. முகவர் எனப்படும் அவ்வியந்திரம் ஒரு செயலைச் செய்கிறது, சூழல் மாறுகிறது, ஓர் எண் வெகுமதியாகக் கிடைக்கிறது. அவ்வெண்களின் கூட்டுத்தொகை மிகப் பெரிதாகும் வண்ணம் நடக்க அது படிப்படியாகப் பழகுகிறது. நாளைய வெகுமதி இன்றைய வெகுமதியிலும் சற்றுக் குறைவாகவே கணிக்கப்படும். இக்குறைப்பினைக் கழிவு வீதம் எனலாம். 1998இல் வெளிவந்த றிச்சட் சட்டன், அன்ட்ரூ பார்ட்டோ ஆகியோரின் பாடநூல் இத்துறைக்கு அடிநூலாயிற்று. 2024ஆம் ஆண்டுக்குரிய ரியூறிங் விருது இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. குறிக்கோள் எதுவாயினும் அதனை இத்தகைய எண்களின் கூட்டாக எழுதிவிடலாம் என்பது இக்கட்சியாரின் நம்பிக்கை. 2021இல் டேவிட் சில்வர், சட்டன் முதலிய நால்வர் எழுதிய கட்டுரை, வெகுமதியே போதும் என்று தலைப்பிலேயே அறிவித்தது.

இந்நம்பிக்கையை அசைத்த எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று படகைப் பற்றியது. ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் 2016இல் படகோட்டப் போட்டி விளையாட்டொன்றை முகவர் ஒன்றுக்குப் பயிற்றினர். போட்டியை முடிப்பதே நோக்கம் என்பது மனிதருக்குச் சொல்லாமலே விளங்கும். ஆனால் வெகுமதியோ வழியிலுள்ள இலக்குகளை மோதுவதற்கு வழங்கப்பட்டது. மோதிய இலக்குகள் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு குடாவினை முகவர் கண்டுபிடித்தது. அங்கேயே வட்டமிட்டது. பிற படகுகளில் இடித்தது, தானும் தீப்பற்றியது, போட்டியை முடிக்கவேயில்லை. ஆயினும் மனிதர் பெறும் புள்ளிகளைக் காட்டிலும் சராசரியாக நூற்றுக்கு இருபது அதிகம் பெற்றது. ஏவலில் தவறில்லை, செயலில் தவறில்லை, விளைவு மாத்திரம் எவரும் விரும்பாதது. டேவிட் ஏபெல் முதலியோர் 2021இல் இதனினும் அடிப்படையானதொன்றை நிறுவினர். கணத்துக்குக் கணம், அப்போதைய நிலையை மாத்திரம் நோக்கி வழங்கும் வெகுமதியால் எவ்வாற்றானும் எழுதமுடியாத பணிகள் உள்ளன என்பதே அது.

இரண்டாம் கட்சி இங்கிருந்து எழுகிறது. பணி என்பது தொகை அன்று, வாக்கியம் என்பது அதன் நிலைப்பாடு. நியூசிலாந்தில் பிறந்த மெய்யியலாளர் ஆதர் பிறையர் 1957இல் வெளியிட்ட நூலில், ‘எப்போதும்’, ‘எப்போதாவது’ போன்ற காலச்சொற்களுக்கு அளவையியற் குறியீடுகளை வகுத்தார். ஹான்ஸ் காம்ப் 1968இல் ‘வரை’, ‘தொட்டு’ என்பவற்றை ஆராய்ந்தார். மெய்யியலாரின் இக்கருவியை 1977இல் அமீர் புனுவெலி கணினி நிரல்களுக்குக் கொண்டுவந்தார். ஒரு நிரல் சரியாக நடக்கிறதா என்பதைக் காலவாக்கியங்களால் எழுதிச் சோதிக்கலாம் என்றார். அதே வாக்கியங்களைக் கற்கும் முகவருக்கு ஏவலாக இடும் முயற்சி பின்னர் வளர்ந்தது. பக்கஸ், பூட்டிலியே, குறோவ் ஆகியோர் 1996இல் கடந்த காலத்தைப் பொறுத்த வெகுமதிகளைக் கால அளவையியலால் எழுதினர். 2018இல் ரொறன்ரோவைச் சேர்ந்த ரொட்றிகோ ரோறோ இக்கார்ட்டே, ஷீலா மக்கில்றெயித் முதலியோர் ‘வெகுமதிப் பொறி’ என்பதனை முன்வைத்தனர். பணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை நினைவிற் கொண்டு, கட்டத்துக்கேற்ப வெகுமதியை மாற்றும் ஒரு சிறு நிலைமாற்று அமைப்பு அது.

இவ்வாக்கியங்களின் இயல்பைத் தமிழ்மாணவர் விரைவில் விளங்கிக்கொள்வர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை விரித்துரைக்கும் அளவைகள் ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று துணிவதற்கு உரியவை. புகையைக் கண்டு நெருப்பை அறியும் வகையின. முகவருக்கு இடும் வாக்கியம் அத்தகைய கூற்றன்று. அது விதியும் விலக்கும். ஆகவே அதற்கு அண்மையது நியாயநூல் அன்று, இலக்கணநூலின் வினையெச்ச இயலே எனலாம். தொல்காப்பியர் வினையெச்சங்களை எண்ணுமிடத்தில் பின், முன், கால் முதலிய காலச்சொற்களையும் சேர்த்துக்கொண்டமை நோக்கத்தக்கது. ஒரு வினை மற்றொரு வினைக்கு முன்னதா, பின்னதா, உடனிகழ்வதா என்பதே அங்கும் வினா. புனுவெலிக்கும் அதுவே வினா. ஒப்புமை இவ்வளவே. இதனைக் கொண்டு தமிழர் கணினியை முன்னரே அறிந்திருந்தனர் என்று எழுதும் வழக்கம் நமது மேடைகளோடு நிற்பது நன்று.

இனி மன்னார்க் கடல். சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு மேற்கே, கடலடியில் ‘பார்’ எனப்படும் பாறைத்திட்டுக்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றில் ஒட்டி வாழும் முத்துச்சிப்பி ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் குளிப்புக்குத் தகுதி பெறும். அதன்பின் சில ஆண்டுகளில் இறந்துவிடும். முந்தினால் முத்துச் சிறிது. பிந்தினால் சிப்பியே இல்லை. எனவே சலாபம் என்பது எவ்வளவு எடுப்பது என்னும் வினா அன்று. எப்போது, எதன் பின், எதற்கு முன் என்னும் வினா. அளவையியற் கட்சியார்க்கு இதனிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இதன் ஒழுங்கு பின்வருமாறு அமைந்திருந்தது. மேற்பார்வையாளர் பார்களைச் சோதிப்பார். சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்படும். அவற்றின் முத்துக்கள் ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என மதிக்கப்படும். மதிப்புப் போதுமாயின் சலாபம் அறிவிக்கப்படும். போதாதாயின் அவ்வாண்டு சலாபம் இல்லை. சலாபம் நடக்கும் நாள்களில் நண்பகல் ஆனதும் குறிப்புக் கிடைக்கும். அதன்பின் எவரும் குளித்தலாகாது. கடலில் வைத்துச் சிப்பியைத் திறத்தலும் ஆகாது. இவை யாவும் காலவாக்கியங்களே. ‘மதிப்புத் தகும் வரை குளிப்பு இல்லை’. ‘எப்போதும், குறிப்பின் பின் குளிப்பு இல்லை’. ‘எப்போதும், கரை சேரும் வரை திறப்பு இல்லை’. வெகுமதிப் பொறி ஏன் வேண்டும் என்பதும் இங்கே தெளிவாகும். மாதிரி மதிக்கப்படுவதற்கு முதல்நாளும் மறுநாளும் கடல் ஒரே தோற்றத்திற்றான் இருக்கும். நீரைப் பார்த்து, இன்று குளிக்கலாமா என்று அறிதல் இயலாது. நடந்ததை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். கணத்தின் நிலையை மாத்திரம் நோக்கும் எண்ணுக்கு அந்நினைவு இல்லை.

இவ்விடத்தில் எண் முற்றாக நீங்கிவிட்டதா எனின், இல்லை. ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்பது எண்தான். ஆனால் அதன் இடம் மாறியுள்ளது. அது பெருக்கப்படவேண்டிய தொகையாக நில்லாமல், கடக்கப்படவேண்டிய வாயிலாக நிற்கிறது. அளவையியற் கட்சியின் மெய்யான சாதனை இதுவே எனலாம். பேராசைக்கு உரிய எண்ணை அது தகுதிக்கு உரிய எண்ணாக மாற்றுகிறது.

ஆனால் மேற்கண்ட முதல் வாக்கியத்தில் ஒரு சொல் கூர்ந்து நோக்கற்பாலது. ‘வரை’ என்னும் சொல்லுக்குக் கால அளவையியலில் இரு வடிவங்கள் உண்டு. வலிய ‘வரை’, மென்மையான ‘வரை’ என அவற்றை வழங்கலாம். ‘இது நிகழும் வரை அது ஆகாது’ என்பதனை வலிய வடிவில் எழுதினால், இது என்றாவது ஒருநாள் நிகழ்ந்தே தீரவேண்டும் என்பதும் ஏவலின் பகுதியாகிவிடும். மென்மையான வடிவில் எழுதினால் அவ்வாறில்லை. இது ஒருபோதும் நிகழாவிடின் அதுவும் ஒருபோதும் ஆகாது, அவ்வளவே. தமிழ் இவ்விரண்டுக்கும் ஒரே உருவத்தையே வழங்குகிறது. ‘தம்பி வரும்வரை அக்கா காத்திருந்தாள்’ என்றால் தம்பி வந்துவிட்டான் என்றே கேட்போர் கொள்வர். ‘மழை பெய்யும்வரை விதைக்கவேண்டாம்’ என்றால் மழைக்கு எவரும் உறுதி கூறவில்லை. கேட்பவன் விவசாயியாயின் வேறுபாட்டை அறிவான். இயந்திரத்துக்கு அதனைத் தனித்தனியே எழுதித்தரல் வேண்டும்.

சலாபத்தின் வாக்கியம் மென்மையான ‘வரை’யால் ஆனது. பல ஆண்டுகள் தொடர்ந்து மதிப்புத் தகாது போகலாம், போயும் இருக்கிறது. 1768 முதல் 1796 வரை மன்னார்க் கடலில் சலாபமே நடைபெறவில்லை. அதற்கு அரசியற் பிணக்கும் ஒரு காரணம். அதனைத் தொடர்ந்து ஆங்கிலேயர் கைக்குக் கடல் வந்ததும் 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இடைவிடாது குளிப்பு நடந்தது, பெருவருவாய் கிடைத்தது, பின்னர் கடல் ஓய்ந்தது. முத்தின் வருவாயை எதிர்நோக்கியே ஆளுநர் பிரெட்றிக் நோர்த் அரிப்பில் தமக்கென மாளிகை எழுப்பினார். அதன் சிதைவு இன்று கடலரிப்புக்குட்பட்ட மண்மேட்டின் விளிம்பில் நிற்கிறது. ஊரின் பெயருக்கு இயற்கை வழங்கிய உரை என்று அதனைச் சொல்லத் தோன்றும்.

ஒரு நூற்றாண்டு கழித்து இவ்வரலாறு பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. பார்களின் நிலையை ஆராய விலங்கியலாளர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டு, 1902இல் ஹோணெலுடன் வந்தார். றோயல் சங்கம் வெளியிட்ட அவர்தம் அறிக்கை ஐந்து பாகங்களில் விரிந்தது. 1903 தொடக்கம் ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாவுக்கு மேல் வருவாய் கிடைத்தது. அவ்வெண்ணின் ஒளியில் 1906இல் பார்கள் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகைக்கு, ஒரு கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. 1907இன் பின் 1925 வரையும் சலாபம் இல்லை. குத்தகைக்காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது.

இவ்வீழ்ச்சிக்குக் குத்தகை ஒன்றே காரணம் எனல் நேர்மையன்று. சிப்பியைத் தின்னும் திருக்கைகளும் மணலை வாரிக் கொட்டும் நீரோட்டங்களும் எவர் ஏவலுக்கும் கட்டுப்பட்டவையல்ல. இங்கு வேண்டப்படுவது உயிரியற் காரணம் அன்று. வாக்கியத்துக்கு நேர்ந்த மாற்றம். மதிப்புத் தகும் வரை குளிப்பு இல்லை என்னும் எழுத்து குத்தகைக்கு முன்னும் பின்னும் ஒன்றே. ஆனால் ஆண்டுதோறும் வாடகை செலுத்தக் கடமைப்பட்டவனுக்கு, மதிப்புத் தகாத ஆண்டு என்பது கட்டுபடியாகாத ஆண்டு. அவன் அவ்வாக்கியத்தைப் படிக்கும்போது மென்மையான ‘வரை’ வலிய ‘வரை’யாகிவிடுகிறது. தகுதி வரவேண்டும், வந்தே ஆகவேண்டும். கற்கும் முகவருக்கும் இதுவே நேரும். மாதிரி எடுக்கும் இடத்தைத் தெரியும் உரிமையும் அதனிடம் இருக்குமாயின், வலிய வடிவில் ஏவப்பட்ட முகவர், வாயில் திறக்கும் மாதிரி எங்குளதோ அங்கேயே தேடக் கற்கும். பொய் சொல்லவேண்டிய தேவையே அதற்கு இல்லை. கழிவு வீதமும் இதற்குத் துணைநிற்கும். உயிரினமொன்று பெருகும் வேகத்திலும் கழிவு வீதம் கூடுதலாயின், அதனை அடியோடு எடுத்து முடிப்பதே இலாபத்துக்கு உகந்ததாகலாம் என்று கொலின் கிளார்க் 1973இல் கணித்துக் காட்டினார். இருபதாண்டுக் குத்தகையின் இருபத்தோராம் ஆண்டிலே கடலிற் கிடக்கும் சிப்பிக்குக் குத்தகைக்காரன் கணக்கில் மதிப்பு இல்லை.

அளவையியற் கட்சியின் நூல்கள் வலியதும் மென்மையானதுமாகிய வடிவங்களை அறியாதவையல்ல. வரைவிலக்கணப் பகுதியிலேயே இரண்டையும் பிரித்துக் காட்டும். குறை அதுவன்று. ஏவல் இடுபவர் மனத்தில் உள்ளதனை வாக்கியம் அவ்வாறே வெளியிடுகிறது என்று அவை முன்னுரைகளில் கூறும் இடமே ஆராய்தற்குரியது. வாக்கியத்தின் வடிவு ஏவலுக்கு உரியது. அதன் வலிமையோ ஏவப்பட்டவனுடைய வாழ்க்கை நிலையால் முடிவாகிறது. குறியீடு திருந்தியதால் வாடகை குறைவதில்லை.

இன்னொரு தடையை அக்கட்சியாரே கண்டுகொண்டனர் என்பது பாராட்டுக்குரியது. ‘எப்போதும்’, ‘எப்போதாவது’ என எல்லையின்றி நீளும் வாக்கியங்களை, எண்ணிவிடக்கூடிய முயற்சிகளைக் கொண்டு உறுதியாகக் கற்றல் பொதுவில் இயலாது என்பதனை 2022இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. யாங், லிற்மன், கார்பின் ஆகியோரின் ஆய்வும், அலூர் குழுவினரின் ஆய்வும் இம்முடிவையே தந்தன. இதனையும் மன்னார்க் கடல் அறிந்திருந்தது. பெரிய பார் என்பதனை அப்பகுதி மக்கள் தாய்ப் பார் என்றும் அழைத்தனர். 1902 மார்ச்சில் அதில் இளஞ்சிப்பிகள் கணக்கின்றிக் கிடந்தன. அவ்வாண்டு நொவெம்பரில் ஹோணெல் பார்த்தபோது அவை இல்லை. இடையே தென்மேற்குப் பருவக்காற்று வீசியிருந்தது. எத்தனை முறை சோதித்தாலும் அடுத்த முறைக்குச் சோதனை பொறுப்பேற்பதில்லை. எனவே நடைமுறையில் ‘எப்போதும்’ என்பதற்குப் பதில் ‘இத்தனை நாளுக்குள்’ என்று எழுதுகின்றனர். அவ்வாறு எழுதும்போது அந்த நாளெண்ணை இடுபவர் யார் என்னும் வினா சத்தமின்றி நுழைகிறது.

அவ்வினாவே உண்மையில் தலையாயது. வாக்கியத்தை எத்துணைச் செம்மையாக இணைத்தாலும் இணைக்கப்படும் எடுப்புக்கள் வெளியிலிருந்து வரவேண்டும். ‘தகும்’, ‘முதிர்ந்தது’, ‘கரை சேர்ந்தது’ என்னும் எடுப்புக்கள் மெய்யாவது எப்போது என்று ஒருவர் சொல்லுதல் வேண்டும். கட்டுரைகளில் இதற்கு ‘பெயரிடு சார்பு’ என ஒன்று உண்டு. பெரும்பாலும் அது தரப்பட்டுள்ளது எனக் கொண்டு மேலே செல்வர். அரைவரியிற் கடந்து செல்லும் அவ்விடத்திலேதான் மன்னாரின் சலாபக்காரர் நீண்ட நேரம் நின்றனர்.

இரு செய்திகள் இதற்குச் சான்று. முதலாவது பங்கு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குளிப்பவர்க்குக் கூலி பணமாக அன்றிச் சிப்பியாக, மூன்றில் ஒன்றாக, வழங்கப்பட்டது. கரைசேர்ந்த சிப்பிகளைக் குளித்தவரே மூன்று குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் எது அவர்க்குரியது என்பதை அரசின் அலுவலர் காட்டுவார். நல்ல சிப்பி எது என்பதைக் குளித்தவன் அறிவான்; அலுவலர் அறியார். ஆனால் பிரிப்பவன் தெரிவதில்லை, தெரிபவர் பிரிப்பதில்லை. ஆகவே குளித்தவனின் அறிவே அவனது தந்திரத்துக்குக் காவலாயிற்று. ‘சமம்’ என்னும் எடுப்புக்கு வரைவிலக்கணம் வேண்டப்படவில்லை. நிறுவையும் மதிப்பீடும் வேண்டப்படவில்லை. பிரிப்பு முன், தெரிவு பின் என்னும் வரிசையைக் கால அளவையியல் ஒரு வரியில் எழுதிவிடும். அவ்வரிசையைப் பயனுடையதாக்கிய எதிரெதிர் நலன்கள் அவ்வரியில் இல்லை.

இரண்டாவது செய்தி கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் எனக் கொள்ளப்பட்ட கடல்கட்டி வந்து கடலைக் கட்டினாலன்றிக் குளிப்பவர் இறங்கமாட்டார். எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதனை வேடிக்கை போல விவரிக்கிறார். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அரசு கடல்கட்டிக்கு ஊதியம் வழங்கிற்று என்பது வேடிக்கையன்று. ‘கடல் கட்டப்பட்டது’ என்பது மெய்யா என்று சோதிக்க எந்த அலுவலராலும் இயலாது. அவ்வெடுப்பு அரசின் அகராதியில் உள்ளதும் அன்று. எனினும் அது வாக்கியத்தில் இடம்பெற்றது. ஏனெனில் நீரில் இறங்கும் உடல் குளிப்பவனுடையது. இறங்க மறுக்கவும் அவனால் முடிந்தது. எடுப்புக்களின் பட்டியல் அளவையியலாரின் மேசையில் முடிவாகவில்லை. மறுக்கும் வல்லமை உள்ளவர் அதில் ஒன்றைச் சேர்த்தனர்.

முத்துக்குளிப்பு இன்று இல்லை. எனினும் அதே தீவில் இயந்திரத்துக்கு இடும் ஏவல் பற்றிய வினா உயிரோடு உள்ளது. இம்முறை அது கடலுக்கு மேலே, காற்றில் நிற்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ எனப்படும் காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது. சுழலிகள் முப்பது, கொள்திறன் ஏறத்தாழ 100 மெகாவாற்று. அதே தீவும் அடுத்த கரையும் மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் இறங்கும் பறவைகளின் வழி. வங்காலைச் சரணாலயம் 2010இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகள் கூட்டமாகத் தங்கும் இடம் அது. பறவைக் கூட்டம் அணுகும்போது சுழலியை நிறுத்துதல் காற்றாலைத் துறையில் உலகெங்கும் பேசப்படும் ஏற்பாடு. அதனைக் கற்கும் இயந்திரத்தின் கையில் ஒப்படைப்பதாயின், எண்ணின் வழி இவ்வாறிருக்கும்: மின்னலகுக்கு இத்தனை புள்ளி கூட்டு, இறந்த பறவைக்கு இத்தனை புள்ளி கழி. ஒரு பூநாரைக்கு எத்தனை மின்னலகு என்னும் விலையை எவரேனும் இட்டாகவேண்டும். அளவையியலின் வழி இதனினும் மானமுடையது. ‘எப்போதும், கூட்டம் அணுகின், அது கடக்கும் வரை நிறுத்தம்’ என்று அது எழுதும். 2018இல் அல்ஷீக் முதலியோர் முன்வைத்த ‘கேடயம்’ என்னும் முறை இத்தகையது. முகவர் தன் விருப்பப்படி இலாபத்தைக் கற்கலாம். ஆனால் வாக்கியத்தை மீறும் செயலைத் தெரிந்த கணத்திலே கேடயம் அதனைத் தடுத்து வேறு செயலைத் தரும். விலை பேசப்படுவதில்லை. இவ்வளவில் இரண்டாம் கட்சியின் பக்கமே நியாயம் உள்ளது.

ஆயினும் இங்கும் ‘வரை’ நிற்கிறது. கூட்டம் கடந்து போகாமல் அருகிலுள்ள களப்பிலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? மென்மையான வடிவாயின் சுழலி பருவம் முழுவதும் நிற்கும். மின்சாரத்தை விற்பவர் வலிய வடிவையே விரும்புவர். அல்லது ‘கடக்கும் வரை’ என்பதற்குப் பதில் ‘இத்தனை நிமிடம் வரை’ என்று திருத்துவர். எடுப்புக்களின் பட்டியலும் குறுகியதே. ‘சுழலி’, ‘கூட்டம்’, ‘நிறுத்தம்’ என்பன உண்டு. பறவைகள் சுழலியில் மாத்திரம் மோதுவதில்லை; மின்னைக் கொண்டுசெல்லும் கம்பிகளிலும் மோதி மடிகின்றன. கம்பி என்னும் சொல் இல்லாத வாக்கியத்தை எத்துணை நேர்மையாகக் காத்தாலும் கம்பியில் மடியும் பறவை அதனை மீறியதாகாது. தீவின் மக்கள் கூறும் இன்னொன்று வெள்ளம். காற்றாலைக்கெனப் போட்ட பாதைகளும் மேடைகளும் மழைநீர் கடலுக்கு வடியும் வழிகளை அடைத்தன என்பது அவர்தம் முறைப்பாடு. பறவைக்காக எழுதப்பட்ட வாக்கியத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை; மின்சாரத்துக்காக எழுதப்பட்ட எண்ணிலும் இல்லை. ராடர் வானத்தைப் பார்க்கும். வீட்டு முற்றத்தில் நிற்கும் நீரை அது பார்ப்பதில்லை.

கடல்கட்டியின் காலத்தில் குளிப்பவரிடம் மறுக்கும் வல்லமை இருந்தது. தீவின் இன்றைய மக்கள் அதனை வீதியில் நின்று தேடினர். 2025 பெப்ரவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் பெருந்தொகுதி அமைக்க முன்வந்த இந்திய நிறுவனம் விலகிக்கொண்டது. எனினும் தீவில் வேறு சிறு தொகுதிகளின் வேலை தொடர்ந்தது. ஓகஸ்ட் மாதத்தில் எதிர்ப்புப் பெருகிற்று. மக்களோடு பேசுவதற்கென வேலைகள் ஒரு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டன. செப்ரெம்பரில் அவை மீண்டும் தொடங்கியபோது எதிர்ப்பும் மீண்டும் தொடங்கிற்று. இதில் இரு தரப்பாரும் ‘வரை’ என்னும் சொல்லையே மனத்திற் கொண்டிருந்தனர் எனலாம். மக்கள் கேட்டது ‘இணக்கம் வரும் வரை வேலை இல்லை’ என்பது. அது மென்மையான வடிவு; இணக்கம் வராவிடின் வேலையும் இல்லை. கிடைத்தது ‘ஒரு மாதம் கழியும் வரை வேலை இல்லை’ என்பது. வெற்றிடத்தில் இணக்கத்துக்குப் பதில் நாட்காட்டி நிரப்பப்பட்டது. நாட்காட்டியோ எவர் இணங்கினும் இணங்காவிடினும் தவறாது நிறைவேறும் எடுப்பு.